இந்தத் திருமணம் உங்கள் பகுதியில் கிடைக்காது

என் தங்கை கோமதியின் கல்யாணம் நான் இருக்கும் நாட்டில் கிடைக்காது. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மஸ்கட்டில் எத்தனையோ பொருட்கள் கிடைப்பதில்லை. முருங்கைக்கீரையே வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரும்.

ஆனாலும் விவரம் கேட்டுவைப்போம் என்று சங்கரன்கோவில் ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டேன். கல்யாணத்தை நேரலையில் காட்டப்போகிறவர் அவர்தான்.

"மாப்பிள்ளையோட பெரியப்பா அமெரிக்காவுல ஓஹியோவுல இருக்காரு. வெளிநாட்டு உரிமை பூராத்தையும் அவருக்குக் குடுத்தாச்சு" என்றார்.

"நான் பொண்ணுக்கு அண்ணன்."

"சந்தோஷம். அமெரிக்கா போயி பாருங்க."

நேரில் போக லீவும் கேட்டுப் பார்த்தேன். நான் ஏசிக் காற்று போகும் தகரக் குழாய், அதாவது டக்ட், செய்யும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எங்கள் மேனேஜர் தங்கமானவர். யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. லீவு இருக்கிறது, ஆனால் சலாலா கிளையில் இருக்கிறது, ஆயிரம் கிலோமீட்டர்தான், போய் வாங்கிக்கொள், போவதற்கு மட்டும் லீவு போடாதே என்றார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். தாலி கட்டி முடித்ததும் பெண்ணின் கையில் அண்ணன் பொரி போட வேண்டும். அதை அவள் அக்கினியில் இடுவாள். எங்கள் வீட்டில் அப்பா இல்லை. அண்ணன் என்று இருப்பவன் ஒருவன். அவனும் மஸ்கட்டில் டக்ட்டுக்குக் காவல் இருக்கிறான்.

"ஒங்க பெரியப்பா மவன் பொரி போடட்டும். நீ பாத்துக்கிட்டாவது இருய்யா" என்றாள் அம்மா.

கோமதி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். "எண்ணே, செல்லுல பாக்காத. என் மூஞ்சி கடுகு மாதிரி தெரியும். பெரிய டிவில பாரு."

என்னோடு வீட்டில் இருப்பவர் தேவசகாயம். நாகர்கோவில்காரர். ஐம்பது வயது. ஏசி மெக்கானிக். அவர்தான் வழி சொன்னார்.

"நீரு அமெரிக்கா போவாண்டாம் வே. அமெரிக்கா டப்பா ஒண்ணு வாங்கி டிவில சொருகும். நீரு எங்க இருக்கீருன்னு டப்பாட்டதான் கேப்பானுவ. உம்மட்ட கேக்கமாட்டானுவ."

எனக்கு இது நியாயமாகப் பட்டது. ஏழு வருடமாக இந்த ஊரில் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

ரூவி கடைத்தெருவில் புகாரி காக்கா கடைக்குப் போனேன். அவர் காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். கேட்டால் எதையும் எடுத்துக் கொடுப்பார். உள்ளே நடக்க நடக்கக் கடை நீண்டது. குடை, கடிகாரம், கடிகாரத்துக்குப் பிடிக்கும் குடை எல்லாவற்றையும் தாண்டி, கடைசி அலமாரியிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு டப்பாவை எடுத்தார்.

"இது இந்த நாட்ல விக்காத சாமான், தம்பி. அதனால நான் விக்கல. நீங்க வாங்குறீங்க, அவ்வளவுதான்."

"வேலை செய்யுமா காக்கா?"

"அமெரிக்கால செய்யும்."

"இங்க?"

"இதுவும் அமெரிக்கான்னு அது நெனச்சிட்டு இருக்கும். நீங்க எதுவும் சொல்லிராதீங்க."

வாசல்வரை வந்து ஒரு புத்தியும் சொன்னார். "அட்டைப்பெட்டியத் தூக்கிப் போட்றாதீங்க. வாரண்டி பெட்டிக்குத்தான். உள்ள இருக்கறதுக்கு இல்ல."

டப்பாவின் பிளக் தட்டையாக இருந்தது. எங்கள் சுவரில் மூன்று சதுர ஓட்டைகள். அடாப்டர் வாங்கினேன். அந்த அடாப்டருக்கு ஓர் அடாப்டர் தேவைப்பட்டது. ஐந்தாவது அடாப்டரில் டப்பா சுவரைவிட்டு விலகி ஹாலுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. நாங்கள் மரியாதையாகச் சோபாவைப் பின்னால் இழுத்துக்கொண்டோம்.

டிவியில் முதல் கேள்வி வந்தது. எந்த நாடு? ஒரே ஒரு பதில்தான் கொடுத்திருந்தார்கள். அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு முழுச் சுதந்திரம் இருந்தது. அமெரிக்கா என்று அழுத்தியதும் ஹால் குளிர ஆரம்பித்தது. தேவசகாயம் எழுந்து ஏசியை அணைக்கப் போனார். அது அணைந்துதான் இருந்தது. தொழில் தெரிந்தவர் என்பதால் அதைப்பற்றி ஒன்றும் பேசாமல் போர்வை எடுத்துவந்தார்.

அடுத்தது, இந்தச் சாதனத்துக்குப் பெயர் சூட்டவும்.

எங்கள் வீட்டில் பெயர் வெட்டாத பாத்திரம் கிடையாது. புதுச் சொம்பு வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித்தான் வெளியே கொண்டுவருவோம். விசேஷ வீட்டுக்கு இரவல் போனாலும் பெயரைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போனது. ரிமோட்டின் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி, அப்பாவின் முதலெழுத்தும் சேர்த்து, சோ. சங்கரலிங்கம் என்று என் பெயரை அடித்தேன். அரைமணி நேரம் ஆயிற்று. பாத்திரக்கடையில் ஐந்து நிமிடத்தில் வெட்டிவிடுவார்கள்.

"வணக்கம், சோ. சங்கரலிங்கம்" என்றது டிவி. என்னிடம் சொல்லவில்லை. டப்பாவிடம் சொன்னது.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் யார்?" என்றது.

என் பெயரை அடித்தேன். இந்தப் பெயர் ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது என்றது. பின்னால் போக வழியில்லை. விருந்தாளியாகத் தொடரவும் என்று ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. ஏழு வருடமாகக் குடியிருக்கும் வீட்டில் விருந்தாளியாகத் தொடர்ந்தேன். தேவசகாயம் காபி போட்டுக் கொடுத்தார். அதற்குமுன் அவர் எனக்குக் காபி போட்டதே இல்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன். என் நாற்காலியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சங்கரலிங்கம் லீவில் இருக்கிறார்.

மேனேஜரிடம் ஓடினேன். "அவர் நேத்தே கேட்டார்" என்றார் மேனேஜர். "சுத்தி வளைக்கல. தலையச் சொறியல. ஒரே தடவ கேட்டார். குடுத்துட்டேன். நீங்க யாரு?"

"விருந்தாளி."

"உக்காருங்க. டீ சாப்பிடுங்க."

டீ சாப்பிட்டுவிட்டு அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"லீவு கெடச்சுட்டுன்னு இப்பத்தான சொன்ன. மறுபடி என்னத்துக்குக் கூப்பிடுத?"

"அம்மா, அது நான் இல்ல. அது டப்பா."

"எதுவோ, தெளிவாப் பேசுச்சு. ஒன்ன மாதிரி உம் உம்னு சொல்லிட்டு வைக்கல. கோமதி சந்தோஷத்துல அழுதுட்டா."

ஏழு வருடத்தில் நான் ஃபோனில் பேசி ஒருவரும் சந்தோஷத்தில் அழுததில்லை.

வீட்டுக்கு ஓடிவந்தால் ஹாலில் டப்பா இல்லை. ஐந்து அடாப்டர்களும் வரிசையாகக் கிடந்தன.

"ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி வந்துச்சு. நாந்தான் ஏத்திவிட்டேன்" என்றார் தேவசகாயம்.

"ஏன் ஏத்திவிட்டீங்க?"

"பாஸ்போர்ட்டு இருந்துச்சு வே. உம்ம பேரு போட்டிருந்துச்சு. போட்டோ மட்டும் கறுப்பா இருந்துச்சு. உம்ம போட்டோவும் அப்பிடித்தான இருக்கும்?"

டப்பாவின் அட்டைப்பெட்டியில், புகார்களுக்குப் பகுதி அலுவலகத்தை அணுகவும் என்று அச்சடித்திருந்தது. அலுவலகம் எங்கள் மாடியிலேயே நடைபாதைக் கடைசியில் இருந்தது. முந்தின நாள்வரை அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாதி வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். நல்ல ஏற்பாடு.

கவுண்டரில் ஓர் அம்மாள் இருந்தாள். எந்த நாட்டுக்காரி என்று தெரியவில்லை. சாத்தூர்ப் பக்கத்துத் தமிழ் பேசினாள். நானும் துருவிக் கேட்கவில்லை.

"ஒரே பேருல ரெண்டு இருக்கு. சரி. ஒங்க பில்ல எடுங்க" என்றாள்.

"எனக்கு பில் கிடையாது."

"அட்டைப்பெட்டி?"

"டப்பாவோடது இருக்கு."

"ஒங்களோடது?"

"இல்ல."

"ஒங்கம்மா தூக்கிப் போட்ருப்பாக. எல்லாரும் செய்ற தப்புதான். சீரியல் நம்பராச்சும் பாப்போம், திரும்புங்க."

திரும்பினேன். முதுகைப் பார்த்தாள். காலைத் தூக்கச் சொல்லி உள்ளங்காலைப் பார்த்தாள். சட்டைக் கையை மடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இது அம்மை குத்துன தழும்பு. இத வச்சு ஒண்ணும் செய்ய முடியாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாளை மறுநாள் என் தங்கைக்குக் கல்யாணம், பொரி போட வேண்டியவன் நான், இது என் கை என்று இரண்டு கையையும் கவுண்டர்மேல் வைத்தேன்.

அவள் கைகளைப் புரட்டிப் பார்த்தாள். "ரிமோட்டுல வேல செய்யுமா?"

"செய்யாது."

"டப்பாவோடது செய்யும். ஏங்க, பொரி யாரு போடணும்?"

"அண்ணன்."

"அண்ணன் பேரு?"

"சங்கரலிங்கம்."

"அவரு மதுரையில எறங்கி, பஸ் ஏறி, ராஜபாளையம் தாண்டிட்டாரே. இதுல என்ன கொற?"

அழக் கூடாது என்று நினைத்தேன். அழுதுவிட்டேன். அவளுக்கும் மனது இளகிவிட்டது. எல்லோருக்கும் கொடுக்கிற சலுகை இல்லை, இருந்தாலும் உங்கள் பெயரை மாற்றித் தருகிறேன் என்றாள். காலியாக இருக்கிற பெயர்கள் மூன்று, எல்லாம் டப்பாக்களுக்கு வைக்கிற அறைப் பெயர்கள். ஹால். படுக்கையறை. சமையலறை.

"இதுல எதை எடுத்தா கல்யாணம் தெரியும்?"

"கல்யாணத்த ஹால்லதான் காட்டுவாக."

கையெழுத்துப் போட்டேன். கையெழுத்தும் ஹால் என்றே போடவேண்டும் என்றாள். அன்றிலிருந்து நான் ஹால்.

வெள்ளிக்கிழமை காலை. அங்கே ஒன்பது என்றால் எங்களுக்கு ஏழரை. கல்யாணம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பக்கத்து வீடுகளிலிருந்து எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். நான் வேட்டி கட்டி, கட்டம் போட்ட புதுச் சட்டை போட்டு, டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். தேவசகாயம் தன் செல்லில் கல்யாணத்தைத் திறந்ததும் ஒரு கேள்வி வந்தது. எங்கே காட்டட்டும்? அவர் ஹால் என்று அழுத்தினார்.

டிவியில் ஒன்றும் வரவில்லை. என் நெஞ்சுக்குள் நாதஸ்வரம் கேட்டது.

தேவசகாயம் என்னைப் பார்த்தார். "வே, கல்யாணம் உம்ம மேல ஓடுது."

டிவியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். என் சட்டைக் கட்டம் கோமதியின் கூறைப்புடவையில் விழுகிறதாம். கழற்றினேன். எட்டுப் பேரும் தேவசகாயமும் பாய் விரித்து எதிரே உட்கார்ந்தார்கள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தால் படம் மடங்குகிறது என்று சத்தம் போட்டார்கள். கண்ணாடி கொண்டுவரச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நான் பேசியதும் மேளம் நின்றுவிட்டது.

"பேசாதீரும் வே! நீரு பேசினா அங்க சத்தம் வரமாட்டேங்கு."

அதற்குப்பிறகு நான் பேசவில்லை. எதிரே இருந்த முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர்கள் முன்னால் சாய்ந்தால் ஐயர் தாலியை எடுக்கிறார். பின்னால் சாய்ந்தால் யாரோ மறைக்கிறார்கள். என் வாய் வழியாகக் கெட்டிமேளம் வந்தது. ஒன்பது பேரும் எழுந்து என்மேல் அட்சதை போட்டார்கள். ஒரு அரிசி கண்ணில் விழுந்தது. துடைக்கக் கூடாது என்பதால் அப்படியே இருந்தேன்.

"பொரி போடுது" என்று தேவசகாயம் மெல்லச் சொன்னார். அவருக்கு என்மேல் இரக்கம் இருந்தது. "டப்பா நல்லாத்தான் போடுது வே. ஒண்ணுகூட சிந்தல."

நான் போட்டிருந்தால் சிந்தியிருப்பேன். கோமதி திட்டியிருப்பாள்.

என் வாய் தானாகத் திறந்தது. கோமதியின் குரல் வந்தது. ஸ்டூடியோக்காரரின் மைக்குக்கு அது கேட்க வேண்டியதில்லை, கேட்டுவிட்டது. பக்கத்தில் நின்ற டப்பாவிடம் ரகசியமாகப் பேசுகிறாள்.

"எண்ணே, என்ன இப்பிடி மெலிஞ்சு போயிட்ட? அங்க ஒழுங்கா சாப்டுதியா, இல்லியா?"

எதிரே இருந்தவர்கள் முன்னால் சாய்ந்தார்கள்.

"டப்பா என்ன சொல்லுது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. நெட்டு நின்ன மாதிரி அதுமேல வட்டம் சுத்துது" என்றார் தேவசகாயம்.

"எண்ணே" என்றாள் கோமதி மறுபடியும். "ஒன்னத்தான் கேக்கேன். சாப்டுதியா?"

பதில் எனக்குத் தெரியும். காலையில் இரண்டு தோசை. மத்தியானம் சோறு. தேவசகாயம் மீன் வைத்தால் மூன்று தடவை போட்டுக்கொள்வேன். எல்லாவற்றையும் அவளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் நான் பேசினால் அவள் குரல் நின்றுவிடும்.

வாயை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.