தரிஃபாவுக்கு வாறீங்களோ

ரோல்ஸ் தட்டை என் மகள் ரிஷானி, தேத்தண்ணிக்கு வந்திருந்த ஞானேஸ்வரி அக்காவின் முன்னால் நீட்டியபோதே, அது எப்படித் திரும்பி வரப்போகிறதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. "ஐயோ வேண்டாம் பிள்ளை, இப்பதான் சாப்பிட்டிட்டு வந்தனாங்கள்" என்றார் அக்கா. "ஓகே ஆன்ரி" என்று ரிஷானி தட்டைக் குசினிக்குக் கொண்டுபோய்விட்டாள். அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. நான் எழும்பிப் போய் அதே தட்டை எடுத்துவந்தேன். "என்னக்கா, உங்களுக்கெண்டுதானே காலமை எழும்பிப் பொரிச்சனான், ஒண்டாவது எடுங்கோ" என்றேன். "வேண்டாமெண்டால் விடமாட்டாய் நீ" என்று இரண்டை எடுத்தார். இன்னொருக்கால் நீட்ட, மேலும் ஒன்று. அவருடைய கணவர் தம்பித்துரை அண்ணைக்கு இந்த உபசாரமெல்லாம் தேவையில்லை. தட்டைக் கண்டால் எடுப்பார்.

எங்கள் ஊரில் முதல் 'வேண்டாம்' கணக்கில் வராது. அது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாம் தரம் கேட்டால்தான் மனமாரக் கேட்டதாக அர்த்தம். ரிஷானி இங்கே சுவிஸில், ஷாஃப்ஹவுசனில் பிறந்து வளர்ந்தவள். ஜெர்மனில் 'வேண்டாம்' என்பதற்கு நைன்; நைன் என்றால் நைன்தான் என்று சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பெண்பிள்ளைக்கு வேண்டிய பாடம், நான் குறை சொல்லமாட்டேன். அதைப் பெற்ற தாயிடமும் பிரயோகிப்பாளென்று மட்டும் நான் நினைக்கவில்லை.

அவர்கள் இருவரையும் ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டது ஸ்பெயின் படங்களைக் காட்டுவதற்கு. மருமகன் பிரவீனன் தன் கைபேசியிலிருந்த படங்களை ரீவியில் போட ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். பேத்தி ஆரணி, ஒன்றரை வயது, கையில் ஒரு ரோல்ஸைப் பிசைந்தபடி ரீவிக்கு முன்னால் நின்றாள்.

"கௌரி, ஸ்பெயின் எப்பிடி?" என்று ஞானேஸ்வரி அக்கா கேட்டார்.

"அடுப்பு நல்ல அடுப்பு அக்கா" என்றேன். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

நான் பள்ளிக்கூடமொன்றில் துப்பரவு வேலை செய்கிறேன். ஒக்டோபர் விடுமுறையில் எனக்கும் லீவுதான். "அம்மா, எங்களோட ஸ்பெயினுக்கு வாங்கோ, ஒரு கிழமை ரெஸ்ட் எடுங்கோ" என்று ரிஷானி கோடையிலேயே கேட்டாள். எனக்கென்னத்துக்கு என்றேன். இரண்டாம் தரம் கேட்டாள். மூன்றாம் தரமும் கேட்டாள். பிள்ளை பார்க்க ஆள் வேண்டுமென்றால் மட்டும் நைன் நைனாக இருப்பதில்லை. அது அப்போதே எனக்கு விளங்கியது. விளங்கியும் போனேன். போனதற்கு எனக்கென்று ஒரு காரணம் இருந்தது.

என் தம்பி தவச்செல்வன் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி ஆப்பிரிக்கா வழியாக வெளிக்கிட்டவன். மொரோக்கோவில் கடற்கரைப் பட்டினமொன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தான். "அக்கா, இஞ்ச நிண்டு பாத்தா அங்கால ஸ்பெயின் லைற் தெரியுது. நீந்தியே வரலாம் போல கிடக்கு" என்று சிரித்தான். மூன்று வயது ரிஷானி ரிசீவரைப் பறித்து "மாமா, மாமா" என்று கத்தினாள். அதோடு காசு முடிந்து லைன் அறுந்தது. பிறகு அவனுடைய குரலை ஒருவரும் கேட்கவில்லை. அவன் ஏறிய வள்ளம் வந்து சேரவில்லை என்று வேறு ஆட்கள் சொல்லி அறிந்தோம்.

அம்மா ஊரில் இருந்துகொண்டு அதை நம்ப மறுத்துவிட்டார். உயிரோடு இருக்கிறவனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கிறதோ என்று என்னை ஏசினார். படத்துக்கு மாலை போடக்கூடாது, அந்தக் கடலைப் பற்றிக் கதைக்கக்கூடாது. ரிஷானிக்கு, மாமா காணாமல் போனவர் என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. போன வருடம் அம்மாவும் கண்ணை மூடிவிட்டார். இனி அவனுக்காகக் காத்திருக்க ஒருவரும் இல்லை. அவன் கரையேற வேண்டிய தரிஃபா, நாங்கள் தங்கும் எஸ்தெபோனாவிலிருந்து காரில் கொஞ்சத் தூரம்தான் என்று பிரவீனன் சொன்ன அன்றே, சூரிச்சுக்குப் போய் லாங்ஸ்ட்ராஸத் தெருத் தமிழ்க்கடையில் கறுப்பு எள்ளு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதை இறைக்க ஆம்பிளை வேண்டும் என்று ஐயர் சொல்வார். சொல்லட்டும். என் கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், எனக்கு ஆண்பிள்ளையும் இல்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவள் நான்.

ரீவியில் முதல் படம் வந்தது. ரொண்டா என்ற ஊரில், பள்ளத்தாக்குக்கு மேலே கட்டிய பெரிய பாலம். ரிஷானியும் பிரவீனனும் அதன்முன் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். "கௌரி எங்க?" என்றார் ஞானேஸ்வரி அக்கா. "அண்டைக்கு ஆரணிக்குக் காய்ச்சல், அம்மா வீட்டில நிண்டவ" என்றாள் ரிஷானி. அடுத்தது ஜிப்ரால்டர். பிரவீனனின் தோளில் குரங்கு. "குரங்கு பிள்ளையைப் பிராண்டிப்போடும்" என்றாள். பிறகு டொல்பின் பார்க்கப் போன வள்ளம். "குழந்தையை ஏத்த விடமாட்டாங்கள்." ஒவ்வொரு படத்துக்கும் நான் இல்லாததற்கு ஒரு நியாயம் இருந்தது. ஒன்றும் பொய்யில்லை. அந்த நேரமெல்லாம் நான் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த பல்கனியில் அவர்களுடைய கடற்கரைத் துவாய்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வந்து பசியென்று நிற்பார்கள் என்று இடியப்பம் அவித்து வைத்தேன். "மாமியின்ர சாப்பாடு இருந்தா ரெஸ்ரோறண்ட் என்னத்துக்கு" என்று பிரவீனன் மெச்சினான். நானும் வெட்கமில்லாமல் மகிழ்ந்தேன்.

தரிஃபாவுக்குப் போவதற்கு முதல்நாள் பின்னேரம் ரிஷானி என்னிடம் வந்தாள். "அம்மா, நாளைக்குத் தரிஃபா போறம். வாறீங்களோ?"

கிழமை முழுக்க நான் காத்திருந்த கேள்வி அது. ஆனால் வாய் இருக்கிறதே, அது ஐம்பத்தெட்டு வருடம் பழகிய வாய். "எனக்கென்னத்துக்குப் பிள்ளை, நீங்கள் போட்டு வாங்கோ" என்றது. இனி அவள் "இல்லையம்மா, வாங்கோ" என்பாள், நான் "சரி, நீ இவ்வளவு கேக்கிறபடியால்" என்பேன் என்று நின்றேன்.

"ஷுவர்?" என்றாள். தலையை ஆட்டினேன். அதையும் கேட்டதாகக் கணக்கெடுக்க முடியவில்லை. அது கேட்கிற தொனியா? மறுநாள் விடிய எழும்பி முழுகி, நல்ல சேலையை உடுத்து, எள்ளுப் பொட்டலம் பைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, பிள்ளைக்கும் சப்பாத்துப் போட்டு வைத்திருந்தேன். சேலையைப் பார்த்தாவது கேட்பாளென்று நினைத்தேன். "அம்மா, வடிவா இருக்கிறீங்கள்! கோயிலோ இஞ்ச?" என்று கன்னத்தில் கொஞ்சிவிட்டு, ஆரணியின் மத்தியானச் சாப்பாடு பற்றிச் சொல்லிவிட்டுப் போனாள். கதவு மூடிய பிறகு பிள்ளையின் சப்பாத்தைக் கழற்றினேன். எள்ளுப் பொட்டலம் பிரிக்காமலே பைக்குள் கிடந்தது. பாழாய்ப்போன வாய் என்று என்னையே திட்டினேன். அவளையும் திட்டினேன். அவளைத்தான் கூடத் திட்டினேன்.

இப்போது அந்தப் படம் வந்திருந்தது. முன்னால் கரையில் ரிஷானியும் பிரவீனனும், பின்னால் நீலக் கடல், அதற்கு அங்கால் நீளத்துக்கு மலை. அவ்வளவு கிட்ட இருக்குமென்று நான் நினைத்திருக்கவில்லை.

"அங்கால தெரியிறது மொரோக்கோ அங்கிள்" என்றான் பிரவீனன். "அவ்வளவு பக்கம். நீந்தியே போகலாம் போல கிடந்தது."

தம்பித்துரை அண்ணை வாய்க்குக் கொண்டுபோன ரோல்ஸைத் தட்டில் வைத்தார். அவர் எங்கள் ஊர்க்காரர், தவத்தோடு பந்தடித்தவர்.

"கௌரி, எங்கட தவம் வெளிக்கிட்ட கடலெல்லோ இது? நீ அதில போய் நிண்டனியோ?"

"நான் பிள்ளையோட வீட்டில நிண்டனான் அண்ணை."

ரிஷானி என்னைப் பார்த்தாள். "தவம் மாமாவோ? இந்தக் கடலிலயோ? அம்மா, ஏன் எனக்குச் சொல்லேல்ல?" அவளுடைய குரல் உடைந்தது. பிறகு நிமிர்ந்தது. "நான் கேட்டனானெல்லோ? நீங்கள்தானே வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்."

ஓம், கேட்டாள். சொன்னேன். எந்தக் கோட்டில் வைத்து விசாரித்தாலும் தீர்ப்பு அவள் பக்கம்தான்.

அவள் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தி, என் கையைப் பிடித்தாள். "சரி, அடுத்த வருஷம் இன்னொருக்காப் போவம். நேர தரிஃபாவுக்கு. வாறீங்களோ அம்மா?"

என் உடம்பு முழுக்க ஓம் என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், உதடுகூட அதற்குக் குவிந்தது.

"எனக்கென்னத்துக்குப் பிள்ளை இனி" என்றேன். "நீங்கள் போட்டு வாங்கோ."

ஞானேஸ்வரி அக்கா சட்டென்று ரிஷானியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்து, அடுத்த வீட்டு விஷயம் என்று அடக்கிக்கொண்டார். ரிஷானி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் காத்திருந்தேன்.

"ஓகே அம்மா. உங்களைக் கஷ்டப்படுத்தேல்ல" என்று மிக அன்பாகச் சொல்லி, கையைத் தடவிவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

ஆரணி ரீவியில் தெரிந்த தண்ணீரைப் பிடிக்க எட்டி எட்டி அடித்தாள். கடலின் நடுவில் அவளுடைய எண்ணெய்க் கை அப்படியே பதிந்தது. நான் மேசை துடைக்கிற துணியை நனைத்துக்கொண்டு வந்தேன்.

"மாமி, அடுத்த படம் போடட்டோ?" என்றான் பிரவீனன்.

"பொறு" என்றேன்.

துணியைச் சரியாகப் பிழிந்திருக்கவில்லை. கை அடையாளத்தில் வைத்து அழுத்தியதும் தண்ணீர் கசிந்து, அந்த மலையின் அடியிலிருந்து, பிரவீனனும் ரிஷானியும் சிரித்துக்கொண்டு நின்ற கரையை நோக்கி மெதுவாக வடிந்து வந்தது.