ஃபுட்ரெஸ்ட் இரண்டு அங்குலம் கீழே

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் வாயில்தான் ஆரம்பித்தது. சோடா மூடியைப் பல்லாலேயே திறந்து காட்டுகிறேன் என்று ஐம்பத்தெட்டு வயதில் மைத்துனர் வீட்டில் சவால் விட்டேன். மூடி வந்தது, கூடவே பல்லும் வந்தது. செயற்கைப் பல்லுக்கு நிறம் பொருத்திப் பார்க்க நேராகப் பல் செய்கிற இடத்துக்கே போய்விடுங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இரண்டு அறை. மேசை முழுக்க வெள்ளைத் தூசி. அலமாரியில் ஊரார் தாடைகள் எல்லாம் பிளாஸ்டரில் வரிசையாக வாய் பிளந்து நின்றன, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. கடைசித் தட்டில் மட்டும் இரண்டு பாதங்கள்.

"இது எந்தப் பல்லும்மா?" என்றேன், பல் செய்கிற அம்மாவிடம்.

"அது என் கால் சார்."

"காலுக்கும் பல் செட்டா?"

"வண்டிக்கு அளவு எடுத்தது. அதுல ஒன்னும் இல்ல சார், வாயைத் திறங்க."

நான் பேரம் பேசுகிறவர்கள் நடுவில் வளர்ந்தவன். 'அதில் ஒன்றும் இல்லை' என்று கடைக்காரர் எதைத் தள்ளி வைக்கிறாரோ, சரக்கு அதில்தான் இருக்கிறது என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடை பழகும் முன்பே தெரியும். வாயைத் திறந்தேன், காதையும் திறந்து வைத்தேன். என் பல்லுக்கு நாலு தடவை போக வேண்டியிருந்தது. உண்மையில் இரண்டு தடவை போதும். மற்ற இரண்டும் கதைக்காக.

2

அவள் கதைக்குத் தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: 'மழை விடாமல் பெய்துகொண்டிருந்த மாலையில், துருவேறிய அந்த வண்டியின் மேலிருந்த தார்ப்பாயை அவள்' [நிறுத்திவிட்டேன். அன்று மழை இல்லை. துரு மட்டும் இருந்தது.]

இரண்டாவது: 'முழங்கால் உடைகிற சத்தம் அவளுக்கு முதலில் கேட்கவில்லை' [இது வாசகரின் இரக்கத்தை வாசலிலேயே மடக்கிப் பிடிக்கிற வேலை. உள்ளே வந்து உட்காரட்டும், பிறகு பார்க்கலாம்.]

மூன்றாவது, வண்டியிலிருந்து தொடங்குவது. அதுதான் நியாயம் என்று படுகிறது.

டிரையல்ஸ் வண்டி என்று ஒரு ரகம். பார்த்தால் யாரோ பாதி பாகங்களைத் திருடிக்கொண்டு போன மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கும். பெட்ரோல் டாங்க் ஒரு தண்ணீர்ச் செம்பு அளவு. இருக்கை என்று ஒரு சம்பிரதாயத்துக்கு ஒரு பட்டை. உட்காருவதற்கான வண்டியே இல்லை அது. பாதம் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் இரண்டின் மேலும் நின்றுகொண்டு, நடக்கிற வேகத்தில், பாறை மேல் ஏறி, ஓடையில் இறங்கி, கோடு போட்ட பாதையைக் கடக்க வேண்டும். வேகத்துக்கு மதிப்பு கிடையாது. ஒரு தடவை காலைத் தரையில் ஊன்றினால் ஒரு புள்ளி. புள்ளி குறைவாக வாங்குகிறவருக்கு வெற்றி. ஒன்றையும் சேர்க்காமல் வெறுங்கையோடு வருகிறவன் ஜெயிக்கிற விளையாட்டு ஒன்று உலகத்தில் உண்டு என்று கேட்டபோது, எங்கள் குடும்பத்தார் யாருக்கும் இதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.

பல் செய்கிற அம்மாவும் அவள் தம்பியும் சேர்ந்து வாங்கிய வண்டி அது, வாங்கும்போதே பழையது. இருவரும் மாறி மாறி ஓட்டினார்கள். ஆறு வருடத்துக்கு முன் கல்குவாரியில் ஒரு கல் புரண்டது. வண்டி அவள் வலது முழங்கால் மேல் விழுந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முழங்கால் முழுதாக நீளவில்லை, ஆழமாக மடங்கவும் இல்லை. வண்டி தம்பி வீட்டுச் சாய்ப்புக் கொட்டகையில் தார்ப்பாய்க்குக் கீழே போனது.

போன வருடம் ஓர் அறிவிப்பு வந்தது. அதே குவாரியில், பழைய வண்டிகளுக்கென்று ஒரு நாள் போட்டி. பத்துப் பகுதிகள். அவளுக்குப் பரிசு வேண்டாம். பத்தையும் நின்றபடி முடித்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். முடியாவிட்டால் வண்டியைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்துவிடுவதாகச் சொல்லித்தான் தார்ப்பாயை எடுத்தாள்.

3

தம்பியைப் பற்றி எனக்கு ஒரு சங்கடம்.

அவனுக்கு ஓர் அலுவலகத்தில் பழைய ஆவணங்களைக் காக்கிற வேலை. பட்டப்பெயர் 'ஒரிஜினல்'. நகல் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பான் என்று எழுதினேன். எழுதியதும் ஆள் வில்லனாகிவிட்டான். வில்லன் கிடைத்தால் எழுதுகிறவனுக்குப் பாதி வேலை மிச்சம், அதனால் மூன்று பக்கம் அப்படியே போனேன். பிறகு பல் செய்கிற அம்மா சொன்னாள்: "என் தம்பி அப்படி எல்லாம் இல்ல சார். அவன் வண்டிய என்னைவிட அதிகமா பார்த்துக்கிட்டான். அதான் பிரச்சினையே."

மூன்று பக்கமும் போயிற்று. மிஞ்சியது இது:

வண்டி அவள் வீட்டு இரண்டாவது மாடிக்குத் துண்டு துண்டாக ஏறியது. ஃபிரேம் ஹாலில், எஞ்சின் சாப்பாட்டு மேசையில், சக்கரங்கள் கட்டிலுக்கடியில். பல்செட்டை அதிர வைத்துக் கழுவுகிற சின்னத் தொட்டியை லேபிலிருந்து கொண்டுவந்து கார்புரேட்டரின் ஊசித்துளைகளைக் கழுவினாள். சைலன்சருக்குள் குளவி கட்டிய மண்ணைச் சுரண்டி எடுத்தாள். உடைந்துபோன செயின் காப்புக்குப் பதில், பல்செட்டுக்கு ஈறு செய்கிற பொருளிலேயே ஒன்று வார்த்தாள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் அது இளஞ்சிவப்பாகச் சிரித்தது.

"ஈறு கலர்ல ஒரு வண்டிய நான் பார்த்ததில்ல" என்றான் தம்பி.

"நல்லா பார்த்துக்கோ. இன்னும் பல்லு கட்டல."

"கம்பெனில கருப்புக்கா குடுத்தான்."

"கம்பெனிக்கு நீ என்ன மாப்பிள்ளையா, இவ்வளவு தாங்குற?"

இதுவரை சிரிப்புதான். ஃபுட்ரெஸ்ட் பேச்சு எடுத்ததும் சிரிப்பு நின்றது. ஃபிரேமோடு பற்றவைத்திருந்த தாங்கிகளை அறுத்தெடுத்துவிட்டு இரண்டு அங்குலம் கீழே, கொஞ்சம் பின்னால் புதிதாக வைக்க வேண்டும் என்றாள். அப்போதுதான் முழங்கால் அதிகம் மடங்காமல் நிற்க முடியும்.

"கழட்டுறது வேற, அறுக்கறது வேற அக்கா. கழட்டினா திரும்ப மாட்டலாம்."

"என் முட்டிய டாக்டர் கழட்டலடா. அறுத்தார்."

அவள் அறுத்தாள். அறுத்தெடுத்த இரண்டு தாங்கிகளையும் அவன் ஒரு காகித உறையில் போட்டு, தேதி எழுதி, கையெழுத்தும் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.*

[* இதை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை செய்திருந்தால் கையெழுத்தை விட்டிருப்பேன், நம்ப மாட்டார்கள் என்று.]

இனி அவள் கணவர். பள்ளி வேன் ஓட்டுகிறவர். இவர் கதைக்குத் தேவையா என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். எதிர்ப்பும் இல்லை, ஆதரவும் இல்லை, ஹாலில் ஒரு நாற்காலியில் இருந்தார். ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"தாராளமா கதையில இருந்து எடுத்துடுங்க சார்" என்றார். "அப்படியே சாப்பாட்டு மேசைல இருந்து அந்த எஞ்சினையும் எடுத்துடுங்க."

இப்படிப் பேசுகிற ஆளை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

4

புது ஃபுட்ரெஸ்ட் எங்கே வர வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள், திருத்துவார்கள், மறுபடி நிற்பார்கள். இவள் பல் செய்கிறவள். இவளுக்கு அளவு என்றால் அச்சு.

ஃபிரேமைக் கட்டை மேல் நிறுத்தி, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, இரண்டு தட்டில் குழைத்த பிளாஸ்டரின் மேல் ஏறி நின்றாள். இடுப்பு சமமாக, உடம்பு எப்படி நிற்க விரும்பியதோ அப்படி. இறுகும்வரை அசையவில்லை. வலது கால் நீளாததால் அந்தப் பக்கப் பிளாஸ்டர் ஒரு விரல் கனம் உயரமாக வந்தது. அப்படியே தாங்கிகளைச் செய்து வெல்டிங் கடையில் பற்றவைத்தாள். வலது ஃபுட்ரெஸ்ட் இடதைவிட ஒரு விரல் கனம் உயரம். வாய் கோணலாக இருந்தால் பல்செட்டும் அந்தக் கோணலுக்குத்தான் பொருந்த வேண்டும். இருபத்தைந்து வருடமாக அவள் செய்கிற வேலை அதுதான்.

இது முதல் மாதம். இந்த மாதத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். [இப்படி வாசகரைத் தோளில் தட்டுவது நாகரிகம் இல்லைதான். ஆனால் சரக்கை வெளிச்சத்தில் காட்டிவிட்டு இருட்டில் வேறொன்றைக் கட்டிக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.]

பத்து மாதம் ஆயிற்று மற்ற வேலைகள் முடிய. கம்பிகள், ரப்பர்கள், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் மீன் நாற்றம் அடித்த எண்ணெய். மாடிக்கும் தெருவுக்கும் ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் பாகங்களைக் கீழே இறக்கி வண்டியாக்கி, ஒரு ஞாயிறு காலை வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஐந்தாவது உதையில் எஞ்சின் பிடித்தது. நின்றாள். வண்டி பத்தடி போய் இடது பக்கம் சாய்ந்தது.

மறுபடி நின்றாள். மறுபடி இடது பக்கம்.

மூன்று ஞாயிறுகள். மூன்றிலும் இடது.

5

இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதினேன். முதல் பிரதியில் அவளே தவற்றைக் கண்டுபிடித்தாள். அது பொய். அவள் கண்டுபிடித்தது வேறொன்று: முழங்கால் செத்துவிட்டது என்று.

போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. தம்பிக்குப் போன் செய்தாள். "வந்து வண்டிய எடுத்துட்டுப் போடா."

வந்தான். சும்மா வரவில்லை, அலுவலகத்தில் அலமாரிகளைச் சரிசமமாக நிறுத்த வைத்திருந்த ரசமட்டத்தோடு வந்தான்.

"ஏறி நில்லுக்கா."

"விழுந்து விழுந்து காட்டினது போதாதா?"

"விழாம நில்லு. மாமா, பின்னாடி புடிங்க. ஆட்டாதீங்க."

"நான் எதையும் ஆட்டறதில்லப்பா. உங்க அக்காவக் கேளு" என்றார் கணவர், பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு.

தம்பி குந்தி உட்கார்ந்து ஃபுட்ரெஸ்ட்களைப் பார்த்தான். ரசமட்டத்தை அவள் இடுப்பின் பின்புறம் குறுக்கே வைத்தான். குமிழ் ஒரு பக்கமாக ஓடியது.

"வலது இடுப்பு ஏறியிருக்கு."

"அந்தப் பக்கம் ஃபுட்ரெஸ்ட் ஒசரம். வேணும்னேதான் வெச்சேன். என் காலு நீளாது இல்ல?"

"நீளுதே."

"என்னது?"

"குனிஞ்சு பாரு. ரெண்டு காலும் ஒரே மாதிரிதான் நீட்டிட்டு நிக்கற. இந்தப் பக்கம் ஒசரமா இருக்கறதால வலது பக்கம் உன்னை இடது பக்கமா தள்ளுது. வண்டி விழாம என்ன பண்ணும்?"

அவள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நானும் பார்த்துட்டுதான் இருந்தேன்" என்றார் கணவர். "முன்னெல்லாம் ஒவ்வொரு படியா நின்னு நின்னு ஏறுவ. இப்ப ரெண்டு மூணு மாசமா ஒழுங்கா கால மாத்தி மாத்திதான் ஏறுற."

"ஏன் சொல்லல?"

"எஞ்சின எடுன்னு சொன்னதையே நீ கேக்கல."

பல் பிடுங்கிய சூட்டோடு பல்செட் வாங்க வருகிறவர்களிடம் அவள் தவறாமல் ஒன்று சொல்லுவாள். என்னிடம்கூடச் சொன்னாள், நான் பல்செட் வாங்காதபோதும். 'இப்ப கச்சிதமா இருக்கும். ஆறு மாசத்துல ஈறு மாறிடும், அப்ப இது ஆடும். பயப்படாதீங்க, புண்ணு ஆறிடுச்சுன்னு அர்த்தம். எடுத்துட்டு வாங்க, சரி பண்ணித் தரேன்.' நாளுக்கு நாலு பேரிடம். பதினோரு மாதம் உட்கார்ந்து எழுந்து, படி ஏறி இறங்கி, பாகங்களைச் சுமந்து சுமந்து, தன் முழங்கால் தேறிவிட்டதை மட்டும் அவள் கவனிக்கவில்லை. பழைய காலுக்கு அளவெடுத்த வண்டியில் புதிய காலோடு ஏறி நின்றுகொண்டு, காலைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் வண்டியிலிருந்து இறங்கி மண்ணிலேயே உட்கார்ந்தாள். சிரிப்பா வேறொன்றா என்று கணவருக்குத் தெரியவில்லையாம். எனக்கும் தெரியாததால் எழுதவில்லை.

இங்கே தம்பி என்ன செய்வான்? வண்டி அவனுடையதாக ஒரு வார்த்தைதான் பாக்கி, அந்த வார்த்தையும் போனில் வந்தாகிவிட்டது. நானாக இருந்தால் ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு, 'ஆமாக்கா, பாவம் கால்' என்று சொல்லியிருப்பேன். அப்படியும் ஒரு பிரதி எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. வாசித்துவிட்டு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அவன் இரும்பு அறுக்கிற ரம்பத்தை எடுத்து வந்தான்.

"எங்க அறுக்கணும்? கோடு போடுக்கா. இடதுக்குச் சமமா எறக்கிப் பத்தவெச்சுக்கலாம்."

"நீயாடா அறுக்கப் போற?"

"இது கம்பெனி குடுத்தது இல்லியே" என்றான். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "ஆனா இந்தத் துண்டையும் உறைல போட்டு வெப்பேன். சொல்லிட்டேன்" என்றான்.

6

முடிவு என்று என்னிடம் மூன்று இருந்தன. ஒன்றில் அவள் பத்துப் பகுதியையும் பூஜ்யத்தோடு முடித்தாள். ஊரே கைதட்டியது, நானும் தட்டினேன், பிறகு கிழித்தேன். இரண்டாவதில் வண்டி தொடக்கத்திலேயே நின்றுவிட்டது, காரணம் பெட்ரோல் இல்லை. [தம்பியும் மாமாவும் 'நீ ஊத்தினியா, நீங்க ஊத்தினீங்களா' என்று பேசுவது அழகாக வந்திருந்தது. வேறு எங்காவது பயன்படும்.] மூன்றாவதில் 'குவாரியின் விளிம்பில் சூரியன்' [இல்லை.]

நடந்ததைச் சொல்கிறேன், நான் பார்த்த வரைக்கும். ஆமாம், போயிருந்தேன்.

முதல் பகுதி ஒரு ஓடை, பிறகு இடுப்பளவு பாறை, அதன் மேல் இடது பக்கம் ஒரு திருப்பம். இரண்டு நாடாக்களுக்கு நடுவே பாதை. மதிப்பிடுகிறவர் ஒரு குடை நாற்காலியில் அட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு முன்னால் போன இளைஞன் மூன்று தடவை காலை ஊன்றினான். அவள் முறை வந்தபோது தம்பி பாறைக்குப் பக்கத்தில் போய் நின்றான். கணவர் வேனை விட்டு இறங்கவே இல்லை, ஆனால் எல்லாக் கண்ணாடியையும் இறக்கி வைத்திருந்தார்.

அவள் நின்றாள். நன்றாக, உயரமாக நின்றாள். ஓடையைக் கடந்தாள். முன்சக்கரம் பாறையைத் தொட்டது, எஞ்சின் மெதுவாகக் கனைத்தது, வண்டி ஏறியது. மேலே திருப்பத்தில் ஏறக்குறைய நின்றேவிட்டது. இடது பக்கம்தான் சாய்ந்தது. அவளுடைய இடது பாதம் ஃபுட்ரெஸ்டை விட்டு இலேசாக எழும்பி

இந்த வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறேன். எனக்கு முடிவு தெரியும், ஆனால் வாயைத் திறக்கப் போவதில்லை. அந்தப் பாதத்தை நீங்கள் தரையில் வைக்கலாம், திரும்ப ஃபுட்ரெஸ்டிலேயே வைக்கலாம். தரையில் வைத்தால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஒரு புள்ளிக்காக யாரும் வண்டியை எடுத்துக்கொண்டு போவதில்லை. இன்னொன்றும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்: மதிப்பிடுகிறவர் அட்டையில் ஏதோ குறித்தார், அவள் எட்டிப் பார்க்கவே இல்லை. நின்றபடியே நாடாவுக்கு வெளியே வந்து, தம்பியிடம் கேட்டாள்:

"ரெண்டாவது எங்கடா?"

அவன் கையைக் காட்டினான்.