எந்த மாவட்டத்திலும் இல்லாத ஊர்

அலுவலகத்தில் அவரைக் கோட்டய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். நில அளவைப் பிரிவில் வரைவாளர். இருபத்தெட்டு வருடமாக ஊர்களுக்கும் வட்டங்களுக்கும் எல்லைக்கோடு போட்டே பிழைப்பு நடத்துகிறவர். தப்பித்தவறி அவர் கோடு போட்ட சட்டையில் வந்துவிட்டால், "என்னய்யா, வேலையை உடம்புலயே மாட்டிக்கிட்டு வந்துட்டீங்க?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

மாவட்டத்தை இரண்டாகப் பிரிப்பது என்று முடிவானபோது, திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பிறகுதான் வரைபடம் போடச் சொன்னார்கள். ஆற்றுக்குக் கிழக்கே இருப்பது பழைய மாவட்டம், மேற்கே இருப்பது புதிய மாவட்டம். கேட்பதற்கு லேசான வேலை. கிழக்குத் தாளைக் கோட்டய்யா வரைந்தார். மேற்குத் தாளைப் புதிய மாவட்டத்துக்கென்று அமர்த்திய ஆட்கள் வரைந்தார்கள்.

ஆனால் அந்த ஆறு நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பெருவெள்ளத்தில் தடம் மாறிய ஆறு. பழைய தடத்தை விட்டுவிட்டுக் கிழக்கே இரண்டு மைல் தள்ளிப் புதிதாக ஒரு வழி வெட்டிக்கொண்டு போனது. இரண்டு தடத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது ஓர் ஊர். நூற்று நாற்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம், மணல் கலந்த நிலத்தில் பூசணியும் வெள்ளரியும். கோட்டய்யாவின் தங்கையை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தது.

அவர் நடந்து அளந்தவர். இப்போது தண்ணீர் ஓடும் இடத்தை ஆறு என்று வரைந்தார். மேற்குத் தாள்காரர்கள் எழுபது வருடத்துப் பழைய வரைபடத்தைப் பார்த்து, தண்ணீர் எப்போதோ ஓடிய இடத்தை ஆறு என்று வரைந்தார்கள். கடைசி நாள் இரண்டு தாளையும் ஒட்டிவைத்துப் பார்த்தபோது நடுவே நெல்மணி அளவுக்கு ஒரு வெள்ளை இடம் தெரிந்தது.  அவர் தாளைத் தூக்கிக்கொண்டு கண்காணிப்பாளரிடம் ஓடினார்.

"சார், இங்க ஓர் இடம் ரெண்டு பக்கமும் சேராம நிக்குது."

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "பேனா தடிமன்யா அது. நாளைக்கு அச்சுக்குப் போகணும், என் உயிரை வாங்காத."

"இல்ல சார், அதுல ஊர் இருக்கு."

"விழா முடியட்டும். அப்புறம் ஒரு திருத்தம் போட்டுக்கலாம்."

தங்கச்சி ஊர் சார் அது என்று இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேலதிகாரி ஒருமுறை சொன்னதற்கு மேல் பேசி அவருக்குப் பழக்கமில்லை. தாளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

வரைபடம் அப்படியே அரசிதழில் வெளியானது, விழா முடிந்தும் திருத்தம் வரவில்லை. முதல் சில மாதம் ஊர்க்காரர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. "எங்களைக் கேள்வி கேக்க ஒரு ஆள் வர்றதில்ல மச்சான். நாங்களே ராஜா, நாங்களே மந்திரி" என்று தங்கை வீட்டுக்காரர் சிரித்தார். பிறகு பள்ளிக்கூட வாத்தியார் மாற்றலாகிப் போனார். அடுத்த வாத்தியாரைப் போடுவது யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. ஆற்றைக் கடக்கும் மரப்பாலத்தில் நடுப்பலகைகள் இற்று விழுந்தன. கிழக்கே போய்க் கேட்டால் மேற்கே கை காட்டினார்கள். மேற்கே போனால், "எங்க பட்டியல்லயே இல்லையேம்மா" என்றார்கள்.

தங்கை மகளுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. எந்த மாவட்டத்தில் குடியிருக்கிறாள் என்று ஒரு சான்றிதழ் மட்டும் வேண்டும். அந்தப் பெண் இரண்டு அலுவலகத்துக்கும் பதினேழு நாள் அலைந்தாள். கடைசித் தேதியன்று மாலை மாமாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நீங்க கேட்டா தருவாங்களா?"

அவர் எழுந்து மூன்று அறைக்குப் போய் வந்தார். மூன்றிலும் தெரிந்த முகங்கள்தான். உட்கார வைத்தார்கள், வருத்தப்பட்டார்கள், பட்டியலைத் திருப்பிக் காட்டினார்கள். அவர் திரும்பி வரும்போது அலுவலகம் பூட்டும் நேரம். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் மேசையில் வைத்திருந்த காகிதங்களை அடுக்கினாள். அவற்றை உறைக்குள் போட்டுக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு மாமா" என்று கிளம்பிவிட்டாள்.

அன்றைக்குத்தான் அவருக்குத் துணிச்சல் வந்தது. இரண்டு தாளின் நகலையும், தன் அளவைக் குறிப்பேட்டின் பக்கங்களையும் வைத்து, 'தவறு நடந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுத்தில் சொல்லாமல் விட்டது என் குற்றம்' என்று தன் கையாலேயே எழுதினார். கண்காணிப்பாளர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யோவ், அரசிதழ்ல வந்தது தப்புன்னு சொல்றதுக்கு நீயும் நானும் யாரு? தூங்குறவனைத் தட்டி எழுப்பாத. எழுந்தா என்ன செய்வான்னு நமக்குத் தெரியாது."

அவர் கேட்கவில்லை. மனுவைப் பெரிய அதிகாரிக்கே நேராக அனுப்பினார். ஊரில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். "எங்கண்ணன் எழுதினா எழுதினதுதான்" என்று தங்கை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எட்டு மாதம் கழித்து மூன்று பேர் கொண்ட குழு வந்தது. ஊரைச் சுற்றிப் பார்த்தார்கள். இளநிலை அதிகாரி ஒருவர் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைப் படம்கூட எடுத்தார். அறிக்கை சுருக்கமாக இருந்தது. இரண்டு வரைபடமும் சரி. இரண்டுமே ஆற்றைத்தான் எல்லையாகச் சொல்கின்றன. ஒன்று ஆற்றின் மேற்குக் கரை, இன்னொன்று கிழக்குக் கரை. ஆகவே நடுவில் இருப்பது ஆற்றுப் படுகை. படுகையில் குடியிருப்பவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். தொண்ணூறு நாளில் காலி செய்ய வேண்டும்.

கோட்டய்யா அதை நான்கு முறை படித்தார். ஒவ்வொரு வரியும் ஒழுங்காக இருந்தது. எதைப் பிடித்து இழுத்தாலும் அவிழவில்லை. ஆதாரம் என்று கீழே போட்டிருந்தது அவர் அனுப்பிய குறிப்பேட்டுப் பக்கங்களைத்தான்.

திருத்திய வரைபடம் போடும் வேலை அவர் மேசைக்கே வந்தது. காய்ச்சல் என்று சொல்லி நான்கு நாள் விடுப்பு எடுத்தார். வேறு யாராவது போட்டுவிடுவார்கள் என்று நினைப்பு. ஐந்தாம் நாள் வந்து பார்த்தால் தாள் அப்படியே விரித்தபடி கிடக்கிறது. "அந்த இடம் உங்களுக்குத்தானே அத்துப்படி, அதான் உங்களுக்குன்னு வச்சிருக்கோம்" என்றார் பக்கத்து மேசைக்காரர். அதில் குத்தல் இல்லை. நல்ல மனதோடுதான் சொன்னார்.

மாட்டேன் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தார். சொன்னால் ஊர் நிற்குமா என்று யோசித்தார். நிற்காது. கால்மணி நேரத்தில் கணினியில் வேறு ஒருவர் போட்டுவிடுவார். நின்றுபோவது தன் வேலை மட்டும்தான். மனைவிக்கு வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்திகரிக்கும் ஆஸ்பத்திரி, அரசு ஊழியர் அட்டை இருப்பதால்தான் உள்ளே விடுகிறது. வாயை மூடிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

ஆட்சேபணை கேட்கும் நாளில் ஊரே வந்திருந்தது. கூட்ட அறைச் சுவரில் அந்த வரைபடத்தை மாட்டியிருந்தார்கள். தங்கை அதன் முன்னால் போய் நின்று வெகுநேரம் தேடினாள். பிறகு கதவோரம் நின்ற அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"அண்ணே, நம்ம வீடு எங்க இருக்கு, காட்டு."

அவர் விரலை நீலத்தின் மேல் வைத்தார்.

"இங்க தண்ணிதானே போட்டிருக்கு?"

"ஆமாம்மா."

"நம்ம வீட்டுல எங்க இருக்கு தண்ணி? குடிக்கவே நான் அரை மைல் நடக்கறேன்." அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "யாரு போட்டது இது?"

"நான்தான்."

 அவர் கையைப் பிடித்திருந்த கையை அவள் எடுத்துக்கொண்டாள். உள்ளே ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். எல்லோர் பேச்சையும் பொறுமையாக எழுதிக்கொண்டார்கள். முடிவு மாறவில்லை.

தொண்ணூறாம் நாளுக்கு முன்பே பாதி ஊர் போய்விட்டது. மீதிப் பேர் வீடுகளின் கதவு நிலைகளைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். அவற்றை எங்கே கொண்டுபோய்ப் பொருத்தப்போகிறோம் என்று அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. பூசணிக் கொடிகள் காயோடு கிடந்தன.

தங்கை குடும்பம் நகரத்தில் ஒரு பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியேறியது. அவள் வீட்டுக்காரர் ஒரு கட்டடத்து வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். மகள் துணிக்கடையில் மடிப்பு வேலைக்குப் போனாள். நர்ஸ் படிப்புக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது.

கோட்டய்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனார். தங்கை கதவைத் திறந்தாள். ஒரு நொடி பார்த்தாள்.

"வாங்க. உக்காருங்க."

பிறந்ததிலிருந்து அவரை 'வா', 'போ' என்றே பேசியவள். அவர் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றார். பட்டறைச் சத்தத்தில் அதற்கு மேல் பேசவும் முடியவில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "படி உடைஞ்சிருக்கு, பாத்து இறங்குங்க" என்றாள். அவர் பார்த்து இறங்கினார். தெருமுனை போய்த் திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது.