இரண்டு துளையிலும் வெளிச்சம்

"ஈரக் கையோட தொடாதீங்க!"

எலக்ட்ரீஷியன் யமிலா போட்ட சத்தத்தில், பிளக்கைப் பிடுங்கப் போன தெல்ஃபினா பின்வாங்கினாள்.

சமையலறைச் சுவரோரம் மண்டியிட்டிருந்த யமிலா, டெஸ்டரை அந்த பிளக்குக்குப் பக்கத்திலிருந்த காலி பாயிண்டின் ஒரு துளையில் செருகினாள். எரிந்தது. மறு துளையில் செருகினாள். அங்கேயும் எரிந்தது!

"ரெண்டுலயும் கரண்ட் இருக்கே பொண்ணே! அப்புறம் மெஷின் ஏன் ஓடல?"

"ரெண்டுலயும் எரியக் கூடாதுங்க. அதான் பயமா இருக்கு."

பக்கத்து அறையில் தெல்ஃபினாவின் கணவர் எவுசேபியோ, முகமூடிக்குள் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு உயிர் கொடுக்கும் ஆக்ஸிஜன் மெஷின் காலையிலேயே நின்றுவிட்டது. இப்போது அவசர சிலிண்டர்தான். அதன் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. ஆம்புலன்ஸ் வரும் வழியில் லாரிக்காரர்கள் டயரை எரித்து மறியல். ரொசாரியோ நகருக்குள் ஒரு வண்டியும் நுழைய முடியவில்லை.

இந்த வாரத்தில் மெஷின் ஏற்கெனவே இரண்டு முறை நின்றது. "யாரையும் கூப்பிடாதே, தானா வரும்" என்றார் எவுசேபியோ. வந்தது. இன்று வரவில்லை.

"கையைத் துடைச்சிட்டு மெஷின் பிளக்கைக் கழட்டுங்க."

கழற்றினாள். இரண்டாவது துளை அணைந்தது.

"செருகுங்க."

மறுபடி எரிந்தது.

"புரிஞ்சு போச்சு. கரண்ட் போற வழி சரியா இருக்கு. திரும்பிப் போற வழி, நியூட்ரல், எங்கேயோ அறுந்திருக்கு. மெஷின் வழியா வந்த கரண்ட் போக இடமில்லாம நிக்குது."

"வேற பாயிண்ட்ல போட்டா?"

"வீடு பூரா பாயிண்டுக்கு ஒரே நியூட்ரல். லைட்டு மட்டும்தான் தனி. போர்டுலேர்ந்து நேரா வயர் இழுத்துடறேன்."

யமிலா போர்டைத் திறந்தாள். திட்டினாள்.

"ஷாக் அடிச்சா தானா விழற சுவிட்சு இது. இதைத் தாண்டி வயர் போட்டு பொம்மையாக்கி வெச்சிருக்கீங்களே!"

"ஞாயித்துக்கிழமை கறி சுடற நேரமாப் பார்த்து விழுந்துக்கிட்டே இருந்துச்சு. விருந்தாளியை வெச்சுக்கிட்டு எத்தனை தடவை ஏத்தறது? இந்தத் தெருவுல எல்லார் வீட்லயும் இப்படித்தான்."

சும்மா விழாதே இது... யமிலா யோசித்தாள். போன கரண்ட் அதே வழியில் திரும்பாவிட்டால்தான் விழும். அப்படியானால் எந்த வழியில் திரும்புகிறது?

ஓடிவந்து பாயிண்டின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தாள். நியூட்ரல் வயர் போர்டுப் பக்கம் போகவில்லை. நேரே சுவருக்குள் நுழைந்திருந்தது.

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?"

தெல்ஃபினாவின் முகம் இறுகியது. "இவர் தம்பி அன்செல்மோவோட சமையலறை. மாமனார் போனதும் வீட்டை ரெண்டாப் பிரிச்சு, நடுவுல செங்கல் வெச்சாங்க. அன்னிக்கோட அண்ணன் தம்பி பேச்சு முடிஞ்சுது."

"அவர் வீட்ல இருக்காரா?"

"ஒரு வாரமா தட்டறான், கொத்தறான். சமையலறையப் புதுசாக்கறானாம். துரைக்கு இப்பதான்—"

தொப்!

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ கனமாக விழுந்தது. கூடவே ஒரு இரும்புச் சாமான் தரையில் உருண்டது. அப்புறம் ஒரு முனகல்.

யமிலாவுக்குப் பளிச்சென்று விளங்கியது. அன்செல்மோ தன் மெயினை அணைத்துவிட்டு வேலை பார்க்கிறார். கரண்ட் இல்லை என்று நம்பி அந்த நியூட்ரலைப் பிரித்துக் கையில் பிடித்திருக்கிறார். ஆனால் அதில் கரண்ட் இருக்கிறது. இங்கிருந்து, இந்த மெஷின் வழியாக!

போர்டுக்குப் பாய்ந்தாள்.

"மெயினை அணைக்காதே! அவர் மெஷின்!" தெல்ஃபினா அவள் கையைப் பற்றினாள்.

"மெஷின் ஏற்கெனவே செத்துப் போச்சும்மா! கரண்ட் இப்ப உங்க கொழுந்தன் உடம்புல ஓடுது!"

டக். வீடு இருண்டது.

"நீங்க ஓடுங்க அங்கே! நான் வயர் மாத்தறேன்!"

"நானா? அந்த வீட்டுக்கா?"

"போங்கம்மா!"

தெல்ஃபினா போனாள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு யமிலா வயரை முறுக்கினாள். உள்ளறையில் மூச்சு இழுக்கும் சத்தம் நீண்டது. நடுவில் ஒரு முறை நின்றது. கடைசித் திருகை இறுக்கி, மெயினை ஏற்றினாள்.

மெஷின் உறுமியது.

கொஞ்ச நேரத்தில் தெல்ஃபினாவின் தோளில் சாய்ந்தபடி அன்செல்மோ வந்தார். உள்ளங்கை வெந்திருந்தது. உயிர் இருந்தது.

"மெயினை நான்தானேம்மா அணைச்சேன்... எப்படி அடிச்சுது?" வெந்த கையைப் பார்த்தபடி கேட்டார்.

"பிரிச்ச காலத்துல எவனோ வேலை தெரியாதவன், இந்த வீட்டு நியூட்ரலை உங்க வீட்ல கட்டியிருக்கான். நீங்க அணைச்சப்பல்லாம் இங்க மெஷின் நின்னிருக்கு. சுவத்தை உடைச்சு அந்த முடிச்சைத் தேடணும்."

கட்டிலில் எவுசேபியோ முகமூடியை விலக்கினார். தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடைக்க வேணாம்" என்றார். "அவன் அடுப்புக்குப் பின்னாடி. கறுப்பு வயர். ரெண்டாவது முடிச்சு."

தெல்ஃபினா மெல்லத் திரும்பினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் போட்டது. செங்கல் வெச்ச அன்னைக்கு" என்றார். "மெஷின் முதல் தடவை நின்னப்பவே தெரிஞ்சுது. அவன் கதவைத் தட்டிச் சொல்லணுமேன்னு... விட்டுட்டேன்."