ராகுகாலத்தில் வந்த கரண்ட்

“ஏம்மா, கரண்ட்டு வர்ற பிளக்கு எது?”

ஐஸ் பெட்டிக்காரர் ஒயரின் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடத்துச் சுவர் முழுக்கச் சுற்றி வந்தார். பிளக்குக்கு அங்கே பஞ்சமே இல்லை. அந்தக் கூடத்தில் மட்டும் பதினாலு இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தார் கலியமூர்த்தி. ஒரு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் சார்ஜ் ஏற்றிவிடலாம். ஒன்றில்கூட கரண்ட் இல்லை என்பதுதான் சங்கதி. அவரோ கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் பஞ்சோடு, இதற்கெல்லாம் இனி நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோலப் படுத்திருந்தார்.

தனக்கொடி பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். முப்பத்தெட்டு வருஷமாக இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் வாய் திறந்தவர் அவள் புருஷன்தான். அவள் இன்னும் அழவில்லை.

“மீட்டர் இன்னும் மாட்டல,” என்றான் மகன் ராஜா.

“மீட்டர் மாட்டாத வூட்டுக்கு எதுக்குப்பா பெட்டி கேட்டீங்க? பக்கத்து வூட்டுலேந்து இழுக்கலாம்னா மூணு பக்கமும் காலி மனை. ஏறுன குளுரு ரெண்டு மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல.”

“ஜெனரேட்டர் வச்சா?”

“வோல்ட்டு ஏறி எறங்கும். பெட்டி போச்சுன்னா எங்க மொதலாளி என்னைத் தூக்கி உள்ள படுக்க வச்சிடுவாரு.”

மகள் இனியா பாரிஸிலிருந்து கிளம்பிவிட்டாள். நாளை மத்தியானம்தான் வந்து சேர முடியும். அதுவரை அவர் இருந்தாக வேண்டும்.

மீட்டர் மாட்டாத குற்றம் மின்சார ஆபீசுடையது இல்லை. கலியமூர்த்தியுடையது. மில்லில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மமாட்டார். தும்மல் வந்துவிட்டால் எமகண்டம் முடியும்வரை மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லைன்மேன் செம்மல் நேற்றே மீட்டரோடு வந்துவிட்டார். “இன்னிக்கி அஷ்டமி தம்பி. நாளைக்கி நவமி. வியாழக்கெழம பத்தரைக்கு மேல வாங்க. பால் காய்ச்சி, ஒரு டம்ளர் குடிச்சிட்டே மாட்டலாம்” என்று கலியமூர்த்திதான் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கொடுக்கிற காரியத்துக்கு நவமி பார்க்க வேண்டாம் என்பது அவரே கண்டுபிடித்த சட்டம். அதனால் இன்று காலை வாடகை வீட்டு சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கேஸ் ஏஜென்சியில் ஒப்படைத்து, புது விலாசத்துக்கு மாற்றப் போனார். சீட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். “ஒண்ணுமில்லம்மா, வாயு” என்று கவுன்ட்டர் பெண்ணிடம் சொல்லி ஒரு சோடா கேட்டார். சோடா வந்தபோது அவர் இல்லை.

ரெட்டியார்பாளையத்து வாடகை வீட்டில் கரண்ட் இருந்தது. மாசக் கடைசிவரை அது அவர்கள் வீடுதான். வீட்டுக்கார அம்மா பரீதா போனில் அழுதேவிட்டாள். “அண்ணன இங்க கொண்டாந்துடுங்கக்கா. எவ்ளோ நேரம் வேணா இருக்கட்டும். யாரு என்னா சொல்லப் போறா?” ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்காரர் எங்கே போகணும் என்று கேட்டபோது, தனக்கொடியின் வாயில் வந்தது, புது வீடு இருக்கிற லாஸ்பேட்டை.

அதற்காகத்தான் கலியமூர்த்தியின் அக்கா செல்வாம்பாள் குதித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒப்பாரி எடுத்தால் கடற்கரைப் பிள்ளைச்சாவடியில் வலை காயவைக்கிறவர்கள் புயல் எச்சரிக்கையோ என்று எழுந்து நிற்பார்கள். ஒப்பாரிக்கு நடுவிலேயே சண்டையும் போடுவாள்; இரண்டுக்கும் ஒரே ராகம்.

“பாலு காய்ச்சாத வூட்டுல மொதமொதல்ல பொணத்தையா கொண்டாந்து வைப்பாங்க? என் தம்பி பாத்துப் பாத்துக் கட்டுன வூடுடி! நாளைக்கி உன் புள்ள இதுல குடியிருக்க வேணாமா? கெளம்பு, ரெட்டியார்பாளையத்துக்கே தூக்கிட்டுப் போவலாம்.”

“வேணாம் அண்ணி.”

“ஒரு அடுப்புகூட இல்லடி இங்க!”

“சாவு வூட்டுல அடுப்பு மூட்டக்கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க.”

தனக்கொடி பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“அத்தை செத்தப்ப வூட்டுக்காரன் உள்ள வுடலியே அண்ணி. நெனப்பிருக்கா?”

இருந்தது. இருவருக்குமே இருந்தது. அது ஐந்தாவது வாடகை வீடு. ஆஸ்பத்திரியிலிருந்து உடலோடு வந்தபோது வீட்டுக்காரர் கேட்டைப் பூட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். ஐப்பசி மழை. தெருவில் நாலு கழி நட்டு, தார்ப்பாய் கட்டி, அம்மாவை பெஞ்சில் கிடத்தினார் கலியமூர்த்தி. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் குச்சியால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டே பகல் முழுக்க நின்றார். அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்குப் பிறகு இன்னும் ஆறு வாடகை வீடுகள். எந்த வீட்டுச் சுவரிலும் அவர் ஓர் ஆணிகூட அடித்ததில்லை.

“அவரு அவரு வூட்டுலேந்து போவட்டும்,” என்றாள் தனக்கொடி.

ராஜா போன் செய்த கால் மணி நேரத்தில் செம்மல் வந்துவிட்டார். நேற்று டீ வாங்கிக் கொடுத்த மனுஷரைக் கண்ணாடி வழியே பார்த்தார். கும்பிட்டார். வெளியே போய் மீட்டர் பலகைக்கு நேராக ஏணியைச் சாத்தி, கையில் திருப்புளியை எடுத்தவர் ஏறாமல் நின்றார்.

“அம்மா… மணி பன்னெண்டு பத்து. பொதன்கெழம. ராகுகாலம் ஒன்றரை வரைக்கும் இருக்கு. வெறும் அஷ்டமிக்கே சாரு என்னை அனுப்பிட்டாரு.” திருப்புளியைக் கை மாற்றிப் பிடித்தார். “நீங்க சொன்னீங்கன்னா வெயிட் பண்றேன்.”

எல்லோரும் தனக்கொடியைப் பார்த்தார்கள். பெட்டிக்காரர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியின் உள்பக்கம் ஒரு நீர்த்துளி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் பேச்சை மீறி அவள் ஒரு காரியமும் செய்ததில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய், ஆயிரம் செய்திருக்கிறாள். ராகுகாலத்தில் மட்டும் செய்ததில்லை.

“எல்லாத்துக்கும் நேரம் பாத்தாரு,” என்றாள். “போறப்ப பாத்தாரா?”

செம்மல் பக்கம் திரும்பினாள்.

“மாட்டுங்க தம்பி.”

செல்வாம்பாள் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

செம்மல் ஒரு தாளை நீட்டினார். விண்ணப்பம் தனக்கொடியின் பேரில் இருந்தது, கலியமூர்த்திதான் நிரப்பியிருந்தார். கணவர் பெயர் என்ற இடத்தில் இரண்டு தடவை எழுதி மை தடித்திருந்தது. அவள் விரல் அந்த இடத்தில் கொஞ்சம் தங்கியது. பிறகு கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அரை மணி நேரம் திருப்புளிச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் செம்மல் மெயினைத் தூக்கிவிட்டார்.

வீடு முழுக்க ஒரே நொடியில் எரிந்தது. கூடம், இரண்டு அறை, சமையல்கட்டு, பாத்ரூம், மாடிப்படி, வாசல் கேட்டின் இரண்டு உருண்டை விளக்கு. ஆறு ஃபேனும் சுழன்றன. பின்கட்டில் தண்ணீர் மோட்டார்கூட உறுமியது. வியாழக்கிழமை பத்தரைக்கு எல்லாம் ஒன்றாக வரவேண்டும் என்று ஒரு சுவிட்ச் விடாமல் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார் கலியமூர்த்தி. யாரிடமும் சொல்லவில்லை.

ஐஸ் பெட்டியும் முனகிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

“பட்டப்பகல்ல எதுக்கு இத்தினி லைட்டு,” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே செல்வாம்பாள் சுவிட்சுப் பலகையிடம் போனாள்.

“எரியட்டும் அண்ணி.”

தனக்கொடி பெட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். அவள் தலைக்கு மேலே, கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் தாளை இறக்கைகளிலிருந்து இன்னும் பிரிக்காத ஃபேன், படபடத்துக்கொண்டே சுற்றியது.