கூட்டம் போகுது அத்தா

மீரானுக்கு மனைவியை வாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை ஒரே ஒரு விஷயத்தில்தான் இருந்தது. பிள்ளைகள் டிவியில் காட்டு விலங்கு நிகழ்ச்சி பார்க்கலாமா கூடாதா என்பதுதான் அந்த விஷயம். கடல் தாண்டிய தீவில், கராச்சர்மா கடைத்தெருவில், வெங்காயமும் உருளைக்கிழங்கும் விற்கிற மனிதருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டால், எல்லாம் மகள் ஜஸ்னாவால் வந்தது.

ஆறு வயது ஜஸ்னாவுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. கொஞ்சம் ஓடினாலும் உதடு நீலம் பாய்ந்துவிடும். தெருப் பிள்ளைகள் இந்தியில் கத்திக்கொண்டு ஓடிப் பிடித்து விளையாடும்போது அவள் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். வேறென்ன செய்வாள், பாவம். கார்ட்டூன் பார்த்தால் மூளை மழுங்கிவிடும் என்று யாரோ கடையில் சொல்லக் கேட்டு, தமிழ் பேசும் ஒரு காட்டுச் சேனலை மீரான் அவளுக்கு வைத்துக் கொடுத்தார்.

"சிங்கம் மானைக் கடிச்சுக் கொதறுறதைப் பச்சப்புள்ள பாக்கலாமா? ராத்திரி பயந்து அலறப் போறா," என்றாள் மனைவி மர்ஜானா. அப்போது அவளுக்கு நிறைமாதம்.

"புலி பசிச்சா புல்லையா திங்கும்? கார்ட்டூன்தான் பொய். இது அத்தனையும் நெசம். நெசத்தைப் பாத்து வளரட்டுமே."

ஜஸ்னா ரத்தத்துக்குப் பயப்படவே இல்லை. முதலை வரிக்குதிரையை ஆற்றுக்குள் இழுத்துக்கொண்டு போகையிலும் அவள் பாட்டுக்கு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். மீரான் மனைவியைப் பார்த்து இல்லாத மீசையை முறுக்கிக்கொள்வார்.

ஒருநாள் யானைகள் வந்தன. தண்ணீர் தேடிப் போகிற கூட்டத்தில் ஒரு குட்டி நடக்க முடியாமல் விழுந்துவிட்டது. அதற்கு ஒரு காது கிழிந்திருந்தது. தாய் யானை துதிக்கையால் தூக்கித் தூக்கிப் பார்த்தது. கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றது. பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தது. பலவீனமான குட்டிக்காகக் கூட்டம் காத்திருக்க முடியாது, இதுதான் இயற்கையின் நியதி என்று டிவிக்காரன் உருக்கமாகச் சொன்னான்.

"அத்தா, அந்தக் குட்டி அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஜஸ்னா அப்பாவைக் கேட்டாள்.

மீரான் போனில் இருந்தார். சென்னையிலிருந்து சரக்கு ஏற்றி வர வேண்டிய கப்பல் தாமதம், வெங்காயம் அழுகிவிடும் என்ற கவலை அவருக்கு. "அதான் கூட்டம் போயிருச்சுல்ல. அவ்வளவுதாம்மா," என்று சொல்லிவிட்டு மறுபடியும் வெங்காயத்துக்குப் போய்விட்டார். வாயிலிருந்து விழுந்த சொல் எங்கே போய் முளைக்கும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும்?

மர்ஜானாவுக்கு ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை பிறந்தது. ரய்யான் என்று பெயர் வைத்தார்கள். பால் குடித்துக் கொழுகொழுவென்று வளர்ந்தான். தாய்க்கோ தையல் போட்ட இடம் சீழ் பிடித்துக்கொண்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் ஜஸ்னாவின் இதய ஆபரேஷனுக்குச் சென்னையில் நாள் கிடைத்தது. தள்ளிப் போட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதுவரை பிள்ளை தாங்குமா என்றும் சொல்ல முடியாது. மீரான் ஜஸ்னாவோடு விமானத்தில் போவது, மர்ஜானா கைக்குழந்தையோடு வீட்டிலேயே இருப்பது என்று முடிவாயிற்று.

அன்றிலிருந்து ஜஸ்னா ஆளே மாறிப்போனாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். மூச்சு வாங்குதா என்று கேட்டால், "எனக்கு ஒண்ணுமே இல்ல," என்றாள்.

"அஞ்சு வேளையும் கையேந்திக் கேட்ட என் துஆ வீண் போகல," என்று மர்ஜானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு மாலை மீரான் கடையிலிருந்து வந்தபோது, வீட்டுக்கு ஏறி வரும் மேட்டில் ஜஸ்னா ஓடிக்கொண்டிருந்தாள். அடியிலிருந்து உச்சிக்கு ஓடி, திரும்ப இறங்கி, மறுபடியும் ஏறினாள். உதடு நாவற்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. அவர் பதறிப்போய் அவளை வாரி எடுத்தார். "அறிவிருக்கா உனக்கு? ஓடாதேன்னு எத்தனை தடவை சொல்றது!"

அவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டே சொன்னாள். "நான் நல்லா நடப்பேன் அத்தா. என்னை மெயின்லேண்டுல, அந்தச் சென்னையிலயே, விட்டுட்டு வந்துராதீங்க."

மீரான் அவளைக் கீழே இறக்கவில்லை. அப்படியே மேட்டில் உட்கார்ந்தார்.

"யாரும்மா விடப் போறா? உன்னைச் சரி பண்ணத்தான கூட்டிட்டுப் போறேன்?"

"அந்த யானையும் மொதல்ல தூக்கித்தான பாத்துச்சு."

"அது டிவிம்மா. சும்மா காட்டுறான்."

"கார்ட்டூன்தான் பொய், இது நெசம்னு நீங்கதான சொன்னீங்க?"

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார் மீரான். "நாம யானை இல்லம்மா, மனுசங்க," என்றார். அவருக்கே அது போதவில்லை.

"அப்ப அம்மா ஏன் வரல?"

"தம்பி சின்னப்புள்ள. அவனை யார் பாத்துக்கிறது?"

"ஆமா, தம்பி நல்லாப் பால் குடிக்கிறான்," என்றாள் ஜஸ்னா. அவள் குரலில் பொறாமை இல்லை. கணக்கு அவளுக்குச் சரியாகவே வந்திருந்தது.

மீரான் சும்மா இருக்கவில்லை. போனில் தேடினார். இந்தத் தீவு நெட்டில் சுற்றிச் சுற்றி ஒரு வீடியோ வந்தது. சேற்றில் சிக்கிய யானைக்குட்டியைக் கூட்டமே சேர்ந்து மீட்கிற வீடியோ. "பாத்தியா, திரும்பி வந்து கூட்டிட்டுப் போயிருச்சு!" என்று காட்டினார். ஜஸ்னா கவனமாகப் பார்த்தாள். "இது வேற குட்டி அத்தா. அதுக்குக் காது கிழிஞ்சிருக்கும்," என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

மர்ஜானாவைக் கூட்டிப்போகலாமா என்று டாக்டரிடம் கேட்டார். "இந்தப் புண்ணோடயா?" என்று டாக்டர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். ஜஸ்னாவின் பயம் என்னவென்று மீரான் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் புண்ணையும் சீழையும் மறந்து விமானத்தில் ஏறிவிடுவாள். பெற்றவள் அல்லவா.

பயண நாளன்று, விமான நிலையக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மர்ஜானா ரய்யானை ஏந்திக்கொண்டு நின்றாள். டிக்கெட் இல்லாதவர்கள் அதற்கு மேல் போக முடியாது. ஜஸ்னா அம்மாவின் கையில் முத்தமிட்டாள், தம்பியின் காலில் முத்தமிட்டாள். அழவே இல்லை.

மர்ஜானா கணவனிடம் மெதுவாகச் சொன்னாள். "என்ன தைரியமாப் போறா பாருங்க. நீங்க சொன்னதுதான் சரி. அந்தச் சேனலைப் பாத்துப் பாத்துப் புள்ளைக்கு மனசு கெட்டிப்பட்டுருச்சு. நான்தான் வீணா உங்ககூடச் சண்டை போட்டேன்."

இத்தனை நாள் ஆசைப்பட்ட வெற்றி. மீரான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

உள்ளே ஒரு பணியாள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். "பைட்டோ பேட்டா, பைட்டோ," என்று உட்காரச் சொன்னான்.

"நஹி," என்றாள் ஜஸ்னா.

மீரான் குனிந்து தூக்கப் போனார். அவள் இரண்டு கையாலும் அவரைத் தள்ளினாள். "தூக்காதீங்க!" என்ற கத்தலில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வலுக்கட்டாயமாகத் தூக்கினால் திமிறுவாள், திமிறினால் மூச்சு முட்டும். விட்டால் நடப்பாள், நடந்தாலும் மூச்சு முட்டும். பையும் கையுமாக அவர் நடுவில் நின்றார்.

பயணிகள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். ஜஸ்னா அவர்களையே பார்த்தாள்.

"வேகமா வாங்க அத்தா. கூட்டம் போகுது."

அவள் நடந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மர்ஜானா குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஜஸ்னா திரும்பவில்லை. வரிசையின் வாலைப் பிடித்ததும்தான் அண்ணாந்து அப்பாவைப் பார்த்தாள். உதடு நீலமாகியிருந்தது.

"நான் நல்லா நடக்குறேன்ல?"

"நல்லா நடக்குறம்மா," என்றார் மீரான். வரிசை நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.