குடும்ப வாரம்

முதுகுப் பக்கம் நெடுக வெட்டினால்தான் சட்டையைப் போட முடியும் என்று சொல்லிக் கத்தரிக்கோலை நீட்டினாள் கீழ்வீட்டு அம்மாள். மூத்தவள் அதை வாங்கிக்கொண்டு, நீலப் பட்டுச் சட்டையைக் கட்டிலின் ஓரத்தில் குப்புற விரித்து, கழுத்துப் பட்டியிலிருந்து தொடங்கினாள். கத்தரிக்கோல் முதலில் வழுக்கியது. பிறகு தானாகவே ஓடியது.

"இவ்வளவு நல்ல துணிய வெட்டறியே, பழசு ஒண்ணும் இல்லியா?"

"இது அம்மா ஆசையா தைச்சது."

"நான் பாத்ததே இல்லியே!"

"ஒரே ஒரு தடவதான் போட்டாங்க."

அம்மா விடியற்காலையில் தூக்கத்திலேயே போயிருந்தாள். பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து வலது கை அவள் சொன்னபடி கேட்டதில்லை. இப்போது இரண்டு கைகளும் ஒன்றுபோல அடங்கிக் கிடந்தன. இருவருமாக அந்தக் கைகளைச் சட்டைக்குள் நுழைத்து, வெட்டிய ஓரங்களை முதுகுக்கடியில் செருகி, முன்பக்கம் முத்துப் பொத்தான்களைப் போட்டார்கள். முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சட்டை முழுசாகத்தான் தெரியும்.

"சின்னவளுக்குச் சொல்லியாச்சா?"

"கிளம்பிட்டாளாம்."

அம்மா வேலை பார்த்தது ஒரு பெரிய துணிக்கடையில், பெண்கள் உடை மாற்றிப் பார்க்கும் அறைகளுக்கு வெளியே. பத்து உடுப்பை உள்ளே எடுத்துப் போகிறவர்கள் ஒன்றை வாங்குவார்கள். மீதியைத் தரையில் உதறிவிட்டுப் போவார்கள். அவற்றைப் பொறுக்கி, புறம் திருப்பி, பொத்தான் போட்டு, விலைச்சீட்டு கசங்காமல் மடித்துத் திரும்ப அடுக்குக்கு அனுப்ப வேண்டும். ஊரார் கழற்றிப் போட்டதை மடித்து மடித்தே அம்மா இரண்டு பெண்களை ஆளாக்கினாள். பள்ளிவிட்டு இருவரும் அங்கேதான் வருவார்கள். மூத்தவள் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். சின்னவள் கண்ணாடி முன்னால் நிற்பாள். வந்துபோன சீமாட்டிகள் நடந்ததை அப்படியே நடந்து காட்டுவாள். இடுப்பில் கை வைத்து, "இது எனக்கு எடுக்கலியே" என்று உதட்டைச் சுழிப்பாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அந்த நடைதான் பிற்பாடு சோறு போட்டது. சின்னவள் முதலில் டிவியில் உடை அலங்காரப் போட்டி ஒன்றில் ஜெயித்தாள். பிறகு பணக்காரப் பெண்கள் சேர்ந்து ஒரே பங்களாவில் இருக்கும் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். அதற்குள் அவளுக்குச் சொந்தமாகத் துணி நிறுவனம், அவள் பெயரில் வாசனைத் தைலம், கதவு மேல்நோக்கித் திறக்கும் கார் எல்லாம் வந்திருந்தன. அதில் எது அவளுடையது, எது சானல் கொடுத்தது என்பது மூத்தவளுக்கு விளங்கியதே இல்லை. ஊர் அவளை 'வைரம்' என்றது. அம்மாவுக்கு மட்டும் அவள் எப்போதும் குட்டி.

மூத்தவள் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் முன்மேசையில் இருக்கிறாள். அங்கே சுவரில் ஒரு டிவி. கன்னம் வீங்கி வருகிறவர்கள்கூட வைரம் யாரிடம் சண்டை போட்டாள், எந்தச் செருப்பு போட்டாள் என்று பேசுவார்கள். "இவளுக்கெல்லாம் அப்பா அம்மா யாராவது இருக்காங்களா?" என்று ஒருத்தி ஒருமுறை கேட்டாள். மூத்தவள் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, "அடுத்தது நீங்கதான், போங்க" என்றாள்.

அந்த நிகழ்ச்சியில் குடும்ப வாரம் என்று ஒன்று உண்டு. பங்களாவில் இருக்கும் ஒவ்வொருத்தியின் அம்மாவும் அக்கா தங்கையும் வந்து ஒருநாள் இருந்துவிட்டுப் போவார்கள். சின்னவள் சேர்ந்த முதல் வருடம் அவளைத் தவிர்த்து நாலைந்து பேர் வீட்டாரைத்தான் கூப்பிட்டார்கள். அடுத்த வருடம் எல்லோர் வீட்டிலிருந்தும் வருவார்கள் என்று அறிவித்ததும் அம்மா தயாராகிவிட்டாள். இந்த நீலச் சட்டை தைத்தாள். நரைக்குச் சாயம் பூசினாள். டீக்கோப்பையின் காதைப் பிடித்துக் குடித்துப் பழகினாள். "கேமராவப் பாக்கக் கூடாதாம், பெரிசு. பாக்காத மாதிரியே நடக்கணுமாம்" என்று கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக, எதையும் பார்க்காமல் நடந்து, ஒருநாள் முக்காலியில் முட்டிக்கொண்டாள்.

அழைத்துப்போக வண்டி வரவில்லை. நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று அம்மா சட்டையைப் போட்டுக்கொண்டுதான் டிவி முன்னால் உட்கார்ந்தாள். கடைசி நிமிடத்தில் ஏதாவது நடக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. "உங்க வீட்லேர்ந்து யாரும் வரலியா?" என்று கேட்டார்கள். சின்னவள் சிரித்துக்கொண்டே, "அம்மா ஊர்ல இல்ல" என்றாள். அவ்வளவுதான், அடுத்தவள் பக்கம் கேமரா போய்விட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் அம்மா எழுந்து சட்டையைக் கழற்றினாள். பொத்தான்களைப் போட்டு, கடையில் மடிப்பதுபோல மடித்து, அலமாரியின் அடியில் வைத்தாள்.

அன்றிலிருந்து, அம்மா படுத்த பிறகும்கூட, மூத்தவள் தங்கையிடம் மாத்திரை, மருத்துவர், ஆஸ்பத்திரிச் செலவு, இவை தவிர வேறு பேசியதில்லை. பணம் தவறாமல் வந்தது. தங்கைதான் வரவில்லை. வந்தாலும் அரைமணி நேரம், கறுப்புக் கண்ணாடி, வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும் கார். கண்ணாடி முன்னால் உதட்டைச் சுழித்த அந்தப் பெண் எங்கே போனாள் என்று மூத்தவள் சில சமயம் சமையலுக்கு நடுவே கரண்டியை அப்படியே வைத்துவிட்டு யோசிப்பாள்.

ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். சின்னவள் வந்ததைச் சொன்னது தெருவில் உயர்ந்த செல்போன்கள்தான். பக்கத்து மாடிகளிலிருந்து, படிக்கட்டு வளைவிலிருந்து, துக்கம் கேட்க வந்தவர்களின் கைகளிலிருந்தும்கூட. அவள் வெள்ளை உடையில், நகையில்லாமல், தலை குனிந்து நடந்து வந்தாள். அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். சட்டையைப் பார்த்தாள். பிறகு அழுதாள்.

அழுகை என்றால் நாடறிந்த அழுகை. உதடு முதலில் நடுங்கும், கண் நிறையும், ஒரு சொட்டு இடது கன்னத்தில் இறங்கும், விரல் நுனியால் மை கலையாமல் அதை ஒற்றுவாள். வாசலில் போன்கள் தெரிந்தபோது அவள் தலை, தானறியாமலே, இடது கன்னம் தெரியும்படி கொஞ்சம் திரும்பியது. அந்தப் பக்கம்தான் அவளுக்கு எடுப்பு.

"டிவில அழுத மாதிரியே அழுவுறா பாரு" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மூத்தவள் திரும்பி முறைத்தாள். முறைத்தாளே தவிர, அவளும் அதையேதான் நினைத்திருந்தாள்.

மூத்தவளின் கணவன் மயான வண்டிக்கு ஏற்பாடு செய்யப் போயிருந்த நேரத்தில் சானல் வேன் வந்து நின்றது. ஓர் இளம்பெண் பூவளையத்துடன் மாடியேறி வந்தாள். காதில் ஏதோ கருவி. வெயிலில் வெந்த முகம். பாவம், நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள்.

"மன்னிச்சிக்குங்க அக்கா, இந்த நேரத்துல வந்து நிக்கறோம். மேடம் போன எடுக்கல. ரெண்டே நிமிஷம், ஒரே ஒரு கேமரா. இதுவரைக்கும் அவங்க அம்மாவ யாருமே பாத்ததில்ல. ஒரு மரியாதையா இருக்கும். நாடே பாக்கும் அக்கா."

நாடே பார்க்கும். மூத்தவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா நீலச் சட்டையில் தலை வாரிக் கிடந்தாள். இன்று கேமரா அவள் முன்னால் வந்தாலும் அதைப் பார்க்கமாட்டாள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கொஞ்சம் இருங்க. கூப்பிடறேன்" என்றாள்.

உள்ளே வந்து ஜன்னல் மேடையில் இருந்த மருந்துப் பெட்டிகளை அகற்றினாள். அம்மாவின் கழுத்துப் பட்டியை நேராக்கினாள். சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து அக்காவின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அவங்கள வரச் சொன்னியா?"

"சொன்னேன்."

"வேண்டாம்க்கா."

"ஏன்? இன்னிக்கும் அம்மா ஊர்ல இல்லியா?"

சின்னவள் அறை வாங்கியவள்போல நின்றாள். அடுப்பில் யாரோ வந்தவர்களுக்காக வைத்த டீத்தண்ணீர் பொங்கி வழிந்தது. இருவரும் அதை அணைக்கவில்லை.

"அதுக்கு முந்தின வருஷம் ஒருத்தியோட அம்மா வந்தாங்க, ஞாபகம் இருக்கா? முள்கரண்டி பிடிக்கத் தெரியாம..."

மூத்தவளுக்கு ஞாபகம் இருந்தது.

"நான் பக்கத்துலயேதான் நின்னேன். இன்னொரு தடவ சாப்பிடுங்க, இன்னொரு தடவன்னு எடுத்துக்கிட்டே இருந்தாங்க. நம்மள அழகா எடுக்கறாங்கன்னு நெனச்சு அந்தம்மாவும் சிரிச்சிக்கிட்டே சாப்பிட்டாங்க. அப்புறம் கோமாளிக்குப் போடற மாதிரி ஒரு மியூசிக்கப் போட்டு விட்டாங்க. ஊரே சிரிச்சுது."

இந்த வீடும் சிரித்தது. இதே கூடத்தில். முள்கரண்டியிலிருந்து உணவு வழுக்கி மடியில் விழுந்தபோது எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அம்மாதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"இத அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, குட்டி."

"என்னன்னு? உன்னைப் பாத்துச் சிரிப்பாங்க, நீ வராதேன்னா? எத்தன தடவ போன எடுத்தேன், தெரியுமா? 'எப்ப வண்டி வரும்'னு கேப்பா. வெச்சிடுவேன்." தரையைப் பார்த்தாள். "வெக்கமும் இருந்துச்சுக்கா. இல்லன்னா பொய். அவளக் காப்பாத்தினேனா, என்னக் காப்பாத்திக்கிட்டேனான்னு எனக்கே இன்னும் தெரியல."

"அவ ஆசப்பட்டாடி. கடைசிவரைக்கும்."

"தெரியும். நீதான் பாத்துக்கிட்டே, நீ சொன்னா சரி. வரட்டும்னா வரட்டும். ஆனா அவங்க வந்தா நான் அழுவேன். எந்தப் பக்கம் திரும்பணும், எப்பத் தொடைக்கணும், எல்லாம் தானா வந்துடும். காலைலயே வந்துச்சே, நீ பாத்தே இல்ல?" அவள் குரல் இறங்கிப்போனது. "அம்மா முன்னாடி என்னை இன்னொரு தடவ அப்படி அழ வெக்காதக்கா."

மூத்தவள் அடுப்பை அணைத்தாள். வழிந்ததைத் துணியால் துடைத்தாள். துணியை அலசிப் பிழிந்து போட்டுவிட்டு வெளியே போனாள்.

கேமராக்காரன் படிக்கட்டில் தயாராக நின்றான். அந்தப் பெண் முகம் மலர, "வரலாமா அக்கா?" என்றாள்.

"இல்லம்மா."

"ஒரே நிமிஷம்..."

"அம்மா ஊர்ல இல்ல."

அந்தப் பெண் அவள் தோளுக்குமேல் கூடத்தைப் பார்த்தாள். படுத்திருந்தவளைப் பார்த்தாள். பிறகு பூவளையத்தை மெதுவாக வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, "சரிங்க அக்கா" என்று இறங்கிப் போனாள். சமையலறைக்குள் சின்னவளின் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அப்புறம் சத்தமே இல்லை.

வெயில் தாழ்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மயானத்திலிருந்து திரும்பியவர்கள் காபி குடித்துவிட்டு, வைரத்தை ஒருமுறை அருகில் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். அவள் கார் அவளில்லாமல் திரும்பிப் போனது.

மறுநாள் காலையில் அக்காள் தங்கை இருவரும் மொட்டைமாடிக் குழாயடியில் அம்மாவின் படுக்கைத் துணிகளைத் துவைத்தார்கள். சின்னவள் அக்காவின் பழைய நைட்டியைப் போட்டிருந்தாள். தோளில் நிற்காமல் அது ஒருபக்கம் சரிந்துகொண்டேயிருந்தது. முகத்தில் பூச்சு இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். சோப்பு நுரை முழங்கைவரை ஏறியிருந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அடையாளம் தெரியாமல் கீழே இறக்கினார்கள்.

பெரிய போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, எதிரெதிராக நின்று முறுக்கத் தொடங்கினார்கள்.

"அக்கா."

"ம்."

"அன்னிக்கி டிவில நான் சொன்னத அம்மா கேட்டாளா?"

மூத்தவளின் வாய்வரை ஒரு பொய் வந்தது. தூங்கிட்டாடி என்று சொல்லியிருக்கலாம்.

"கேட்டா."

"என்ன சொன்னா?"

"'குட்டி எளச்சிட்டா பாரு, ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல போலிருக்கு'ன்னா."

சின்னவள் தலையாட்டினாள். மறுபடி ஒரு முறுக்கு முறுக்கினாள். போர்வை நடுவிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கி, பிறகு சொட்டுச் சொட்டாகி, நின்றது. நின்ற பிறகும் அவள் முறுக்கிக்கொண்டேயிருந்தாள்.

மூத்தவள் தன் முனையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.